ஆட்டுக்குக் குழை வெட்டும்போது மட்டும் கதைக்கிற பிள்ளை

கேள்வி

அன்பின் அக்கா,

நாங்கள் கிளிநொச்சி மாவட்டம். மகனுக்கு ஆறு வயது. தை மாதம் தரம் ஒன்றில் சேர்த்தோம். கால்கோள் விழாவில் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள், சிரித்துக்கொண்டுதான் போனான். இப்போது ஆனி மாதம். இவ்வளவு நாளில் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று அவன் வாயால் ஒரு சொல் நான் கேட்டதில்லை. பதினொன்றரைக்குச் சைக்கிளில் ஏற்றும்போதே கேட்பேன். "ஒண்டும் இல்லை." என்ன படிச்சனீ? "தெரியா." ஆரோட விளையாடினனீ? "ஒருத்தரோடயும் இல்லை." பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்புத்தான். அவள் மணி அடித்ததில் இருந்து மணி அடிக்கும்வரை ஒப்புவிப்பாள். என் பிள்ளையின் நாளை நான் அவளிடம் கேட்டுத்தான் அறிகிறேன்.

இவருக்குக் கொழும்பில் மேசன் வேலை. இரவில் வாட்சப்பில் எடுத்து "இண்டைக்கு என்ன படிச்சனீ" என்றால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.

போன மாதம் முழங்காலில் உரசலோடு வந்தான். சேட்டில் ஒரு பொத்தானும் இல்லை. ஆர் அடிச்சது என்று விடாமல் கேட்டேன். தெரியா, தெரியா என்றவன் கடைசியில் "ரீச்சர்" என்றான். அடுத்த நாள் போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். பார்த்தால் ரீச்சர் அன்று லீவாம். இரண்டு நாள் கழித்து மாமி சொன்னா, குரங்கு துரத்தி ஓடும்போது விழுந்தானாம். இப்போது ரீச்சரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறானோ என்று பயமாகவும் இருக்கிறது.

"தேப்பனும் இப்பிடித்தான், ஊமைக்கோட்டான்" என்று மாமி சிரிக்கிறா. ஆனால் அவவோடு ஆட்டுக்குக் குழை வெட்டப் போனால் ஏதேதோ சொல்கிறானாம். என்னோடு மட்டும்தான் இல்லை. 2009 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளை என் கண்ணுக்கு மறைந்து நாலு மணித்தியாலம் எப்படி இருந்தது என்று தெரியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்கு விளங்காது.

ஓர் அம்மா

பதில்

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல்தரம் என் கண்ணில் பட்டது ரீச்சரோடு நடந்த சண்டை. இரண்டாம் தரம்தான் மாமியும் குழையும் வருகிற அந்த வரியில் நின்றேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே கிடக்கிறது.

மாமி அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். கொக்கத்தடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். கண் கொப்பில் இருக்கிறது. பிள்ளை கீழே நின்று விழுகிற குழையைப் பொறுக்குகிறான். இரண்டு பேருக்கும் கைவேலை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அவன் ஏதும் சொன்னால் "ம், பிறகு?" என்பார். சொல்லாவிட்டாலும் குழை சேர்ந்துகொண்டுதான் இருக்கும். அவனுடைய பள்ளிக்கூடக் கதை கிடைக்காவிட்டால் மாமிக்கு ஒரு நட்டமும் இல்லை, அவருக்கு வேண்டியது குழை. பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறப்பது அவனுக்குச் சுகமாக இருக்கிறது.

இனி பதினொன்றரை மணிச் சைக்கிளுக்கு வருவோம். காலையில் ஐந்தரைக்கோ ஆறுக்கோ எழுப்பப்பட்டவன். நாலு மணித்தியாலம் தன் பாட்டில் எழும்பக்கூடாது, கேட்காமல் வெளியே போகக்கூடாது, பக்கத்தில் இருப்பவனோடு கதைக்கக்கூடாது. தண்ணிப்போத்தலின் மூடியை இறுக்கி மூடிவிட்ட அம்மா பக்கத்தில் இல்லை, தானே திறக்கவேண்டும். அழிறப்பரை வாங்கினவன் திருப்பித் தரவில்லை. சலம் வந்ததைச் சொல்ல வெட்கம். ஆறு வயதுக்கு இதெல்லாம் சும்மா இல்லை, எங்களுக்கு அரச அலுவலுக்குக் கச்சேரியில் ஒரு நாள் முழுக்க நின்ற களைப்பு. அதுவும் ஆனி மாதத்துச் சோளகக் காற்றும் புழுதியும் வெயிலும். கரியரில் ஏறி உங்கள் முதுகில் முகத்தைச் சாய்க்கிற நேரத்தில் "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் அவன் என்னத்தைச் சொல்ல?

அந்தக் கேள்வியே அவனுக்குப் பெரிசு. "என்ன நடந்தது" என்றால் நாலு மணித்தியாலத்தையும் மனதில் விரித்து, அதில் சொல்லத்தக்கது எது என்று பொறுக்கி, முன்பின் ஒழுங்கில் வைத்துச் சொல்லவேண்டும். வளர்ந்த ஆட்களே அதற்குத் திணறுவோம். சந்தைக்குப் போய் வந்த உங்களிடம் மாமி அப்படிக் கேட்டால் "என்ன, ஒண்டும் இல்லை, சாமான் வாங்கினன்" என்றுதான் சொல்வீர்கள். அது பொய்யில்லை. வழமையான நாள், வழமையான சந்தை.

பிள்ளைகளின் ஞாபகத்தைப் பற்றி வேலை செய்த காத்தரீன் நெல்சன், றொபின் பிவுஷ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் கண்டது என் உளவளத்துணை வேலைக்கு இன்றைக்கும் உதவுகிறது. சின்னப் பிள்ளைகள் தினம் நடக்கிற காரியத்தை ஒரு வரிசையாக மனதில் பிடித்து வைத்திருப்பார்கள்: போவோம், கும்பிடுவோம், எழுதுவோம், சாப்பிடுவோம், விளையாடுவோம். ஒவ்வொரு நாளும் அந்த வரிசைக்குள் கரைந்துவிடும். புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைகள்கூட "பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்கள்" என்று கேட்டால் சில நாளிலேயே சொல்லத் தொடங்கினார்கள். "நேற்று என்ன நடந்தது" என்றபோதுதான் வாய் அடைத்தது.

ஆகவே "இண்டைக்கு" என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாருங்கள். "உங்கட வகுப்பில மணி அடிச்ச உடன என்ன செய்வினம்?" என்று கேளுங்கள். நடந்ததை அல்ல, நடப்பதைக் கேட்கிறீர்கள். அவன் அதில் கெட்டிக்காரன், உங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. "முதல்ல கும்பிடுறது. பிறகு கொப்பி எடுக்கிறது. பிறகு ரீச்சர் டாப்புக் கூப்பிடுவா." அப்படிச் சொல்லிக்கொண்டு போகும்போதுதான், "ஆனா இண்டைக்கு டாப்புக் கூப்பிடேக்க ஒருத்தன் கொட்டாவி விட்டவன்" என்று ஒன்று தானாக வழுக்கி விழும். நீங்கள் ஆறு மாதமாகத் தேடுவது அந்தக் கொட்டாவியைத்தான்.

ரீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது, "ஆர் அடிச்சது?" அந்தக் கேள்விக்குள் ஓர் ஆள் இருக்கிறார், ஓர் அடியும் இருக்கிறது. குரங்குக்கு இடமே இல்லை. அவன் "தெரியா" என்றது அந்த நேரத்தில் சொல்லக்கூடிய மிக நேர்மையான பதில், ஏனென்றால் ஒருவரும் அடிக்கவில்லை. நீங்கள் திரும்பவும் கேட்டீர்கள். திரும்பவும். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? முதல் சொன்னது பிழை, வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைக்கும். வகுப்பில் ரீச்சர்மார் அப்படித்தான் கேட்பார்கள், "வடிவா யோசிச்சுச் சொல்லு" என்றால் விடை பிழை என்று அர்த்தம். 1974 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் றோஸ், பிளாங்க் என்ற இருவர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பொருள்களை இரண்டு வரிசையாக வைத்து, இரண்டிலும் ஒரே அளவா என்று கேட்டார்கள். ஒரு வரிசையை, எண்ணிக்கையைத் தொடாமல், மாற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் அதே கேள்வி. இரண்டு தரம் கேட்கப்பட்ட பிள்ளைகளைவிட, மாற்றியபின் ஒரேயொரு தரம் கேட்கப்பட்ட பிள்ளைகள் குறைவாகப் பிழை விட்டார்கள்.

இன்னொன்று 1995 இல் வந்தது. முன்பள்ளி வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குச் சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஒருவர் வந்தார், வணக்கம் சொன்னார், இரண்டு நிமிடம் நின்றார், போய்விட்டார். ஒன்றையும் தொடவில்லை. அவர் வருவதற்கு முன்பே சில பிள்ளைகளுக்கு அவர் கைதவறி எதையும் உடைக்கிற ஆள் என்று கதை சொல்லி வைத்திருந்தார்கள். வந்து போனபின், கிழிந்த புத்தகம், அழுக்கான கரடிப் பொம்மை பற்றித் தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். சில கிழமைகளில் அந்தப் பிள்ளைகளில் பலர், அவர் புத்தகத்தைக் கிழித்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மிஷெல் லைக்ட்மன், ஸ்டீவன் சேசி ஆகியோரின் ஆய்வு இது. அந்தப் பிள்ளைகள் பொய்யர்கள் இல்லை. பெரியவர்களுக்கு என்ன கதை வேண்டும் என்று விளங்கி அதைக் கொடுத்தவர்கள். உங்கள் மகனும் அதைத்தான் செய்தான். அம்மா விடுகிறா இல்லை, ஓர் ஆளைச் சொன்னால்தான் விடுவா. அவனுக்குத் தெரிந்த பெரிய ஆள் யார்? ரீச்சர். பொய் சொல்லப் பழகுகிறானோ என்ற பயத்தை விடுங்கள். "ஏன் ரீச்சர் எண்டு பொய் சொன்னனீ" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அவன் ஏன் குரங்கை முதலிலேயே சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் குரங்கு எதற்காகத் துரத்தும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுப் பெட்டி. வகுப்புக்கு வெளியே கொண்டுபோகாதே என்று நீங்கள் சொல்லிவிட்டிருப்பீர்கள், ரீச்சரும் சொல்லியிருப்பா. குரங்கைச் சொன்னால் பெட்டியையும் சொல்லவேண்டி வரும். பொத்தான் போன சேட்டு வேறு கண்முன்னால் நிற்கிறது. நான் அந்த வயதில் அவனிடத்தில் இருந்தால் நானும் "தெரியா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை காயத்தோடு வந்தால் காயத்தை முதலில் கழுவுங்கள். மஞ்சள் வையுங்கள், மருந்து பூசுங்கள், எதுவாக இருந்தாலும் கை முதலில் ஓடட்டும். பிறகு ஒரே ஒரு வசனம்: "முழங்கால் உரஞ்சியிருக்கு. என்னெண்டு சொல்லு பாப்பம்." அதற்குள் ஆளும் இல்லை, அடியும் இல்லை. குரங்கு வரலாம், சைக்கிள் வரலாம், அடித்த ஆள் இருந்தால் அவரும் வரலாம். "தெரியா" என்றால் "சரி" என்று விட்டுவிடுங்கள். இரவு படுக்கும்போது அவன் தானாகத் தொடங்குவதற்கு இடம் இருக்கும்.

2009 பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். நானும் ஒரு பந்தியோடு நிற்பாட்டுகிறேன். உங்கள் வயது அம்மாமார் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அப்போது பத்து, பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, பதுங்குகுழிக்குள் கொப்பி நனைந்தது, செட்டிக்குளம் முகாமில் கொட்டிலுக்குள் இருந்து திரும்பவும் படிக்கத் தொடங்கியது. ஒரு ஆள் கண்ணுக்கு மறைந்தால் திரும்பி வருவாரோ என்ற கேள்வி அந்த நாட்களில் சாதாரணக் கேள்வி. இன்னொன்றும் உண்டு. எங்களிடம் யாராவது கேள்வி கேட்டார்கள் என்றால் அது விசாரணையாகத்தான் இருந்தது. பெயர் என்ன, எங்கே இருந்தனீங்கள், ஆரோட வந்தனீங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேள்வி கேட்பது என்றால் அப்படித்தான் என்று எங்களில் பலருக்கு உடம்பில் படிந்துவிட்டது. நீங்கள் சைக்கிளில் கேட்கிற கேள்விகளை நாளைக்கு ஒருக்கால் உங்கள் காதாலேயே கேட்டுப் பாருங்கள். பதினொன்றரைக்கு உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதை அவனிடம் கேள்வியாகக் கொட்டாமல், உங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆளிடம் சொல்லி ஆறவேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பைத்தியம் பிடித்தால்தான் அங்கே போவது என்று மாமி சொல்லக்கூடும், அவரிடம் காய்ச்சல் மருந்துக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள். இந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

சரி, இனி என்ன செய்வது. கதை குடுத்துக் கதை எடுக்கிறது என்று எங்கள் பெரியாக்கள் சொல்வார்கள். ஊரில் வாய்க்காரக் கிழவி ஒருத்தி ஒரு வீட்டுச் சங்கதியை அறிய நினைத்தால் "உங்கட வீட்டில என்ன நடந்தது" என்று கேட்கமாட்டா. தன் வீட்டுச் சங்கதி ஒன்றை முதலில் அவிழ்ப்பா. அவவுடைய நோக்கம் நல்லதோ கெட்டதோ, முறை சரி. நீங்களும் உங்கள் நாளைச் சொல்லுங்கள். அவனுக்குப் படிப்பினைக்காக இல்லை, சும்மா. "இண்டைக்குக் கோழி ஒண்டு குசினிக்குள்ள வந்து அரிசிச் சுளகைத் தட்டிப்போட்டுது. எனக்கு வந்த கோபத்தில செருப்பை எறிஞ்சன். செருப்பு கிணத்துக்குள்ள." உங்கள் பிழை, உங்கள் வெட்கம் அதில் கொஞ்சம் இருக்கட்டும். பிழை விட்டதை வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னாலும் உலகம் அப்படியே இருக்கும் என்று அவன் காண்பது அங்கேதான். முதல் நாளே அவன் பதிலுக்குச் சொல்லமாட்டான். நாலைந்து நாள் செருப்புக் கதையைத் திரும்பக் கேட்பான். கேட்கட்டும், சொல்லுங்கள்.

நடந்ததைப் பிள்ளையோடு சேர்ந்து, விபரம் சேர்த்துத் திரும்பக் கதைக்கிற அம்மாமாரின் பிள்ளைகள், பிற்பாடு தாங்களும் விபரமாகச் சொல்லப் பழகுகிறார்கள் என்பது பிவுஷும், நியூசிலாந்தில் வேலை செய்கிற எலேன் றீஸும் பல ஆண்டுகளாகக் காட்டி வந்த விஷயம். "கோயிலுக்குப் போனனாங்கள்" என்று நிற்காமல், "வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போகேக்க பஸ்ஸில நீ ஆற்ற மடியில இருந்தனீ? அந்த மனிசன் உனக்கு என்ன தந்தவர்?" என்று இருவரும் சேர்ந்து கட்டுவது. உங்களுக்கும் தெரிந்த நாளில் இதைப் பழக்கினால், உங்களுக்குத் தெரியாத நாளைப் பற்றி அவன் சொல்லத் தொடங்குவான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கோயிலில் தொடங்குங்கள் என்கிறேன்.

பிழையாகச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். "ரீச்சர் இண்டைக்கு யானையில வந்தவவாமே?" என்றால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. "இல்லையம்மா! ஸ்கூட்டியில!" திருத்துகிற இன்பத்தில் ஸ்கூட்டியின் நிறம், பின்னால் இருந்து வந்த மற்ற ரீச்சர், அவ கொண்டுவந்த பிரம்புக்கூடை எல்லாம் வரும். யானை இரவில் வயலுக்குள் வருகிற ஊர் என்றால் வேறு விலங்கைப் பிடியுங்கள். அங்கே யானை பகிடி இல்லை.

பின்னேரத்தில் வெயில் தாழ்ந்தபின் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுங்கள். அவன் ரீச்சர், நீங்கள் படிக்கிற பிள்ளை. நீங்கள் கொட்டாவி விடுங்கள், பென்சிலைத் தொலையுங்கள், பக்கத்தில் இருக்கிற தலையணையோடு கதையுங்கள். அவன் என்ன குரலில் உங்களை அதட்டுகிறான், எப்போது தடவிக்கொடுக்கிறான் என்று பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த வகுப்பின் காற்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் விளையாட்டில் அவன் பிரம்பு எடுத்தால் உடனே ரீச்சர் அடிக்கிறா என்று முடிவு கட்டவேண்டாம். அம்மாவை அடிக்கக் கிடைத்த சந்தர்ப்பமாகவும் இருக்கலாம்.

சைக்கிளில் ஒன்றும் வேண்டாம். "வா குஞ்சு" போதும். வழியில் கொக்கைக் கண்டால் கொக்கைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் உருண்டு பிரளட்டும். பாலைப்பழக் காலம் இது. வீதிக்கரையில் பழம் விற்கிற ஆளிடம் ஒரு சுண்டு வாங்கி இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருங்கள். பால் வாயில் ஒட்டி உதடு பிசுபிசுக்கிற நேரத்தில் பிள்ளைகள் நிறையக் கதைப்பார்கள், ஏனென்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் கண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் மாமியிடம் ஒரு நாள் கொக்கத்தடியைக் கேட்டு வாங்குங்கள். மாமியை அனுப்பி "பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த இடமும் கெட்டுப்போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் புலன் விசாரிப்பதையும் விட்டுவிடுங்கள். அவள் சொல்வதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவள் கைச்சரக்கு என்று உங்களுக்குத் தெரியாது. தன்னைப் பற்றி அவளிடம் கேட்கிறீர்கள் என்பது ஒரு நாள் அவனுக்குத் தெரியவரும்.

இவருக்கும் சொல்லுங்கள். தூர இருக்கிற தகப்பனுக்கு "என்ன படிச்சனீ"யை விட்டால் வேறு கேள்வி தெரியாது. அன்பு அப்படித்தான் வெளியே வருகிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாட்சப்பில் வருகிற இன்னொரு சோதனை. கமராவைத் திருப்பி அவர் கட்டின சுவரைக் காட்டட்டும். "இதில எத்தினை வரிசைக் கல்லு எண்டு எண்ணிச் சொல்லு, எனக்குக் கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்று கேட்கட்டும். எண்ணிக் கொடுத்தபின், "எங்கட வகுப்புச் சுவரில ஓட்டை இருக்கு, ஓணான் வரும்" என்று அவன் சொல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அவன் சொல்லத் தொடங்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. இதில் நான் தோற்றவள். என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் வந்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாசனை அழிறப்பரை எல்லாரும் சேர்ந்து ஒளித்த கதையைச் சிரிப்போடு சொன்னாள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, களவு, நேர்மை, நாளைக்கே போய் மன்னிப்புக் கேள் என்று அரை மணித்தியாலம் பாடம் எடுத்தேன். அப்போதே நான் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு உளவளத்துணை செய்துகொண்டிருந்தேன், அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கம். அதற்குப் பிறகு கனகாலம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் "ஒண்டும்" நடக்கவில்லை. கதை முடியுமட்டும் பொறுத்திருக்கலாம். "பிறகு அவள் என்ன செய்தவள்?" என்று ஒன்று கேட்டிருக்கலாம். ஒளித்தவர்களில் என் மகளும் ஒருத்தியா, இல்லை ஒளிக்கப்பட்டதே அவளுடைய அழிறப்பரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவன் சொன்னதை அவன் முன்னாலேயே மாமிக்கும் சித்திக்கும் சொல்லிச் சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லாரும் செய்வோம், பாசத்தில்தான் செய்வோம். தான் தந்த ஒன்றைத் தன்னைக் கேட்காமல் ஊருக்குப் பங்கிட்டதாக அவன் எடுத்துக்கொள்வான்.

கதைக்காமல் இருப்பது வேறு காரணத்தாலும் இருக்கலாம், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டில் நன்றாகக் கதைக்கிற பிள்ளை வகுப்பில் ஒரு சொல்லும் கதைக்காமல், சேர்ந்த முதல் மாதம் கழிந்தபின்னும் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், அது வெட்கம் என்று விடக்கூடிய காரியம் இல்லை. பதற்றத்தால் வாய் பூட்டிக்கொள்கிற நிலை அது, வைத்தியருக்குக் காட்டவேண்டும். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாதது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பது, அடிக்கடி காதுக்குத்து, சீழ் என்று இருந்தால் காதைப் பாருங்கள். வகுப்பில் பாதி கேட்காத பிள்ளை "தெரியா" என்றுதான் சொல்லும். தரம் ஒன்றில் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆட்கள் வருவார்கள், கண்ணும் காதும் அப்போது பார்ப்பார்கள். அன்று அவன் லீவு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன பாய் நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தால், காலையில் வயிற்றுக்குத்து வந்து சனி ஞாயிறில் மட்டும் சுகமாக இருந்தால், குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயரைக் கேட்டாலே முகம் மாறினால், அப்போது மெத்தனமாக இருக்காதீர்கள். அப்போதும் நான் சொன்ன முறையிலேயே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அவன் சொன்னதை அவன் சொன்ன சொல்லிலேயே, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீங்களாக ஒரு பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே ஏதும் நடந்திருந்தால், நாங்கள் தூண்டிச் சொல்ல வைத்தது என்று பிறகு ஒருவரும் தட்டிக்கழிக்க முடியாதபடி அந்தக் கொப்பி காக்கும். பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது, ஆகவே "படிப்பிக்கத்தானே அடிச்சது" என்ற கதையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வரத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். உங்கள் கடிதத்தில் இப்படியான அடையாளம் ஒன்றையும் நான் காணவில்லை. குரங்கைத்தான் கண்டேன்.

கடைசியாக ரீச்சர். அவவைப் பார்க்க வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கிழமையே போங்கள், காலையில் எல்லாருக்கும் முன்னால் இல்லை, பள்ளிக்கூடம் விட்டபின். "குரங்கு துரத்தினதை நான் உங்களில போட்டிட்டன், ரீச்சர்" என்று சொல்லுங்கள். அவவும் ஒருவேளை ஒரு பிள்ளைக்கு அம்மாவாக இருப்பா, சிரிப்பா. சிரிக்காவிட்டாலும் கேட்டுக்கொள்வா. வளவில் முருங்கை இருந்தால் நாலைந்து காய் கொண்டுபோங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: கிழமைக்கு ஒருக்கால், வகுப்பில் நடந்த சின்னச் சங்கதி ஒன்றை உங்களுக்குச் சொல்லமுடியுமா என்று. யார் எந்தப் பாட்டுப் பாடினார்கள், எந்த மரத்தடியில் இருந்து எண்ணப் படித்தார்கள், அவ்வளவு போதும். வேப்பமரத்தடியில் பூவரசங்கொட்டை வைத்து எண்ணினார்கள் என்று தெரிந்தால், குழை வெட்டப் போகும்போது நீங்களும் நாலு கொட்டையைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு நடக்கலாம். "அம்மா, இது எங்கட ரீச்சரிட்டையும் இருக்கு" என்று அவன்தான் தொடங்குவான்.

இப்படிக்கு,
அக்கா